ஒன்பதாம் கம்பத்துப் பை

அந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஆயிரத்துச் சொச்சம் பேர் வேலை பார்த்தார்கள். எல்லோருடைய அடையாள அட்டையிலும் ஒரு பதவி இருந்தது. பையக்காவின் அட்டையில் மட்டும் ‘பராமரிப்பு உதவி – இதர’ என்று போட்டிருந்தது. இதர என்றால் என்ன என்று அவளும் கேட்டதில்லை, அச்சடித்தவர்களுக்கும் தெரிந்திருக்காது. அவள் தையல்காரி. தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால், நனைந்த குழாய்களைத் தொங்கவிட்டுக் காயவைக்கும் கொட்டகையை ஒட்டி ஓர் அறை. அதில் ஒரு தையல் மெஷின், ஒரு நீள மேசை, ஒரு ஜன்னல். பதினெட்டு வருஷமாக அதுதான் அவளுடைய ராஜ்ஜியம்.

முழங்கால் தேய்ந்த வேலை உடுப்புகள், கக்கத்தில் பிரிந்த தீயணைப்புக் கோட்டுகள், விரல் நுனி ஓட்டையான கையுறைகள் எல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும். ஆனால் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறு. ஆலைக்குள் பதினாலு கம்பங்கள் நின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒரு துணிப் பை. பை என்று சொன்னாலும் அதில் ஒன்றும் நிற்காது. இரண்டு முனையும் திறந்தது, ஒரு முனை அகலம், ஒரு முனை குறுகல், பெரிய ஆளின் சட்டைக் கையை வெட்டி மாட்டிய மாதிரி இருக்கும். காற்று அகன்ற வாயில் புகுந்தால் பை எழும்பி நீட்டும். வால் எந்தப் பக்கம் நீட்டுகிறதோ, காற்று அந்தப் பக்கம் போகிறது என்று அர்த்தம். எங்காவது விஷவாயு கசிந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. விஷயம் இவ்வளவுதான். திரைகளும் முள் நகரும் கருவிகளும் கட்டுப்பாட்டு அறையில் எத்தனையோ இருந்தன. ஆனால் சைரன் ஊதும்போது வெளியில் நிற்கிறவன் நிமிர்ந்து பார்ப்பது அந்தத் துணியைத்தான்.

அந்தப் பைகளைத் தைத்ததால் அவள் பையக்கா ஆனாள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் பையக்கா என்றே கூப்பிட்டார்கள்.

அவளுக்கு ஒரு வியாதி உண்டு. கிழிசலைப் பார்த்தால் பொறுக்காது. சட்டைக் காலரின் உள்பக்கம் எப்போதும் ஒரு ஊசி, நூல் கோத்தபடி. ஒருமுறை பஸ்ஸில் முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த, முன்பின் தெரியாத ஒருவரின் தோள் தையல் பிரிந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். அவரை எழுப்பி, "அசையாதீங்க" என்று அதட்டி, அவருடைய நிறுத்தம் வருவதற்குள் தைத்து முடித்துவிட்டாள். அந்த பஸ்ஸை ஓட்டியவர் அவள் வீட்டுக்காரர். "டிக்கெட் எடுத்து வர்றவங்களையாவது விட்டு வைம்மா" என்று அன்றிலிருந்து ஆயிரம் தடவை சொல்லிக்காட்டியிருப்பார்.

அவளுக்கு ஒரு தம்பி. எட்டு வயது இளையவன். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவன் போட்டு வளர்ந்த சட்டை, கால்சட்டை எல்லாம் அக்கா தைத்ததுதான். வளர வளரப் பிரித்துவிட வசதியாக உள்ளே இரண்டு அங்குலம் மடித்துத் தைப்பாள். அந்த மடிப்பின் கனத்தில் பள்ளிக்கூடம் முழுக்க அவன் கால்சட்டை மட்டும் கஞ்சி போட்டது போல நிற்கும். அவன் இப்போது அதே ஆலையில் கந்தகப் பிரிவில் ஆபரேட்டர். எதற்கும் பதறாத ஆள் என்பதால் ‘நிதானம்’ என்று பெயர். சைரன் ஊதினால் பச்சை அங்கி மாட்டிக்கொண்டு, பையை நிமிர்ந்து பார்த்து, எந்தக் கூடுமிடத்துக்குப் போவது என்று முடிவெடுத்து, தன் பிரிவிலுள்ள எல்லோரையும் அழைத்துப் போய்த் தலை எண்ண வேண்டியவன் அவன்தான். அக்கா தைத்த பை, தம்பி பார்க்கிற பை. இதில் பையக்காவுக்கு இருந்த பெருமையை அவள் வெளியில் சொன்னதில்லை. சொல்லாமலே ஆலை முழுக்கத் தெரிந்திருந்தது.

கந்தகப் பிரிவுக்குப் பக்கத்தில் நின்றது ஒன்பதாம் கம்பம். அந்த மூலையில் பை நிலைக்காது. அமிலப் புகை ஒரு பக்கம் அரிக்கும். மத்தியானக் காற்று உயரமான கோபுரங்களுக்கு நடுவில் புகுந்து சுழற்றி அடிக்கும். வருஷத்துக்கு மூன்று பை நார்நாராகிவிடும். கிழிந்ததைக் கழற்றிக்கொண்டு வரும் ஸ்டோர்காரருக்கு வாய் சும்மா இருக்காது. ஆலையில் தையல் அறையே வேண்டாம், எல்லாவற்றையும் ரெடிமேடாக வாங்கிவிடலாம் என்று இரண்டு வருஷமாக மேலே எழுதிக்கொண்டிருந்தவர் அவர்.

"பையக்கா, இது பையா கந்தலா? பறவை விரட்டவா கட்டினோம்?" என்று மேசையில் போடுவார். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள்.

அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். அப்படி ஒருநாள் வீம்பு வந்துவிட்டது. வழக்கமாகப் பைக்கு எடுக்கும் மெல்லிய நைலான் துணியை ஒதுக்கினாள். லாரிகளுக்குப் போர்த்தும் பூச்சுத் துணி ஸ்டோரில் கிடந்தது, அதை எடுத்தாள். வாயில் இரட்டைத் துணி. வாலில் இரண்டு அங்குலம் மடித்து, உள்ளே கயிறு வைத்து, மூன்று வரிசைத் தையல். தம்பியின் கால்சட்டைக்குச் செய்த அதே வேலை.

பதினொரு மாசம் அந்தப் பை ஒரு நூல் பிரியவில்லை. ஆலையின் ஆண்டு விழாவில் ‘சிறந்த யோசனை’ என்று பையக்காவை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். ஸ்டோர்காரரும் கைதட்டினார். கடிகாரம் வீட்டுக் கூடத்தில் ஏறியது. வீட்டுக்காரர் பஸ் டிப்போவுக்குக் கிளம்பும்போது தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, "உன் யோசனைப்படி இப்ப மணி என்னம்மா?" என்று கேட்பார்.

மாசாமாசம் ஒருவர் அட்டையோடு வந்து கம்பங்களைச் சோதிப்பார். கிழிசல் உண்டா? சாயம் வெளுத்திருக்கிறதா? வளையம் சுழல்கிறதா? கம்பால் தள்ளிப் பார்த்து, மூன்றுக்கும் சரி என்று குறி போட்டுவிட்டுப் போவார். எழும்புகிறதா என்று அட்டையில் கேள்வி இல்லை. பை என்றால் எழும்பாமலா இருக்கும் என்று எழுதினவர் நினைத்திருப்பார். காலை வேளையில் அந்தப் பை தொங்கிக் கிடப்பதைப் பார்த்தவர்கள், கோபுரங்கள் மறைப்பதால் அந்த மூலையில் காலையில் காற்றில்லை என்று அவர்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குக் கந்தகப் பிரிவில் ஒரு பம்பின் சீல் விட்டுப்போனது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு அது. கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் நாற்றமே தெரியாமல் ஆளைச் சாய்த்துவிடும். அதனால்தான் அங்கே வேலை செய்கிற ஒவ்வொருவர் நெஞ்சிலும் தீப்பெட்டி அளவு ஒரு கருவி, வாயு பட்டால் கீச்சிடும். சைரன் ஊதியது. தம்பி பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு ஒன்பதாம் கம்பத்தைப் பார்த்தான். பை தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில்லை. காற்றில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் கூடுமிடத்துக்குப் போகலாம் என்பது விதி. தண்ணீர்த் தொட்டியோரம் இரண்டாம் நம்பர் இடம், எண்பதடி தூரம்கூட இல்லை. இருபத்து மூன்று பேரையும் அங்கே கூட்டிப்போனான்.

போய் நின்ற ஒரு நிமிஷத்தில் அத்தனை பேர் நெஞ்சிலும் கருவி கீச்சிட்டது.

காற்று இருந்தது. மெல்லிய காற்று. வாயுவைச் சுமந்துகொண்டு நேராகத் தண்ணீர்த் தொட்டிக்கு வந்துகொண்டிருந்தது. தம்பி கத்தவில்லை, ஓடவில்லை. எல்லோரையும் குறுக்கே திருப்பி, பட்டறைக்குப் பின்னால் ஐந்தாம் நம்பர் இடத்துக்கு நடத்திப்போய் மறுபடி தலை எண்ணினான். கால் மணி நேரத்தில் கசிவையும் அடைத்துவிட்டார்கள். ஆனால் ஓரமாக நின்றிருந்த, குழாய்களுக்குச் சூட்டு உறை சுற்றும் பெண் அதற்குள் நாலு மூச்சு கூடுதலாக இழுத்துவிட்டாள். இரண்டு முறை வாந்தி எடுத்து மயங்கி, அன்றைக்கு முழுக்க மருத்துவ அறையில் கிடந்தாள். பிழைத்தது அவள் அதிர்ஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். அதைக் கேட்டதிலிருந்து தம்பி சாப்பிடவில்லை.

எது நடந்தாலும் அந்த ஆலையில் ஒரு கூட்டம் போடுவார்கள். ஒரு தாளில் ஐந்து கட்டம். ஏன் நடந்தது என்று கேட்டு முதல் கட்டத்தில் பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏன் என்று கேட்டு இரண்டாவது கட்டம். இப்படி ஐந்து தடவை. ‘ஏன் கூட்டம்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இருபத்து மூன்று பேர் ஏன் வாயுவைச் சுவாசித்தார்கள்? காற்று போகும் வழியில் நின்றார்கள். ஏன் அங்கே நின்றார்கள்? குழுத் தலைவர் கூட்டிப்போனார். அவர் ஏன் கூட்டிப்போனார்? காற்றைச் சரியாகப் பார்க்கவில்லை. கட்டுப்பாட்டு அறைக் கூரையிலுள்ள கருவி அந்நேரம் லேசான காற்று இருந்ததாகக் காட்டுகிறது. மூன்றாவது ஏனிலேயே ஆள் கிடைத்துவிட்டால் நாலாவது ஏனுக்கு யாருக்கு அவசரம்? மேனேஜர் பேனாவை மூடிவிட்டார். பாதுகாப்பு அதிகாரி மேடம் மட்டும் மீதி இரண்டு கட்டத்தை அடிக்காமல், அடுத்த புதன்கிழமை முடித்துக்கொள்ளலாம் என்று தாளை எடுத்து வைத்தாள். அன்றைக்குத் தம்பியின் பச்சை அங்கியைத் திரும்ப வாங்குவதாகப் பேச்சு. அதற்கு முன்னால் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லிச் சீட்டு கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி அக்கா வீட்டுக்கு வந்தான். அவள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வந்தவன் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தான்.

"டாக்டர் என்னடா சொன்னாரு?"

"கடைசி வரி வரைக்கும் படிச்சேன். அதுக்குக் கீழ அச்சகத்தோட பேரு பொடியா போட்டிருந்துச்சு, அதையும் படிச்சேன். போதும் போங்கன்னுட்டாரு."

"அப்புறம் என்ன? கண்ணு நல்லாத்தானே இருக்கு."

"கண்ணு நல்லா இருந்தா அது இன்னும் மோசம்க்கா." அவன் கையைப் பிசைந்தான். "நான் பாத்தேன். பை தொங்கிட்டுத்தான் இருந்துச்சு. இப்பவும் கண்ண மூடினா தொங்குது. ஆனா காத்து இருந்துச்சுன்னு கருவி சொல்லுது, அந்தப் பொண்ணு வாந்தி எடுத்தா. அப்ப நான் பாத்ததா நினைச்சது என்ன? அங்கியப் புடுங்கிக்கட்டும், கவலையில்ல. இனிமே எதையாவது பாத்து, இது இப்படித்தான்னு நான் எப்படிக்கா சொல்லுவேன்?"

நிதானம் என்று ஊரே பெயர் வைத்த பிள்ளை, ஆட்டம் கண்டுபோய் உட்கார்ந்திருந்தான். பையக்கா ஆறுதலாக எதையோ சொல்ல வாயெடுத்துத் திரும்பினாள். கொடியில் அவளுடைய பழைய துப்பட்டா படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதை ஒட்டி வீட்டுக்காரரின் கனத்த யூனிஃபார்ம் கால்சட்டை தொங்கியது. அது அசையவே இல்லை. கால் முனையில் அவள் மடித்துத் தைத்த இரண்டு அங்குல மடிப்பு, குண்டு கட்டிவிட்ட மாதிரி நேரே கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் கையிலிருந்த கிளிப் டப்பா கீழே விழுந்தது. தம்பி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று போய்விட்டான்.

அவன் தெரு முனை திரும்பியதும் அவள் மாடிப்படியில் இரண்டிரண்டாக இறங்கினாள். பூச்சுத் துணியின் மிச்சம் வீட்டில் இருந்தது, மார்க்கெட் போகப் பை தைக்கலாம் என்று கேட்டு வாங்கி வந்தது. பழைய நைலான் பை ஒன்றும் கிழிந்தபின் தூசு தட்டக் கிடந்தது. அரை மணியில் பூச்சுத் துணியில் ஒரு பையைத் தைத்தாள். அதே இரட்டை வாய், அதே கயிறு, அதே மடிப்பு. இரண்டையும் ஒட்டடைக் கம்பில் கட்டி வீட்டுக்காரரிடம் கொடுத்து, தண்ணீர்த் தொட்டி மேல் ஏறச் சொன்னாள். ஏன் எதற்கு என்று கேட்கும் முகமாக அவள் முகம் இல்லை. அவர் ஏறிவிட்டார்.

"இன்னும் மேல பிடிங்க."

"இதுக்கு மேல பிடிக்கணும்னா நான்தான் பறக்கணும்."

எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன சார், கொடியேத்துறீங்களா?" என்றார். வீட்டுக்காரர் கௌரவமாகத் தலையாட்டினார்.

கிழிந்த நைலான் பை நீட்டிக்கொண்டு நின்றது. புதுப் பை ஒரு தடவை புரண்டு படுத்துவிட்டு மறுபடி தொங்கியது. பையக்கா மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்காரர் கம்போடு இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். புதுப் பையின் கனத்த மடிப்பைத் தொட்டுப் பார்த்ததும்தான் அவருக்கு விஷயம் பிடிபட்டது.

"அந்த ரூமையே மூடிடுவாங்கம்மா. ஸ்டோர்காரன் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கான்."

"தெரியும்."

"உன்னை யாரும் எதுவும் கேக்கலையே."

"அதுதாங்க பயமா இருக்கு. யாருமே கேக்கல. என் தம்பிய மட்டும் கேக்குறாங்க."

செவ்வாய்க்கிழமை, சூட்டு உறை சுற்றும் பெண் கையுறை தைக்கத் தையல் அறைக்கு வந்தாள். முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது. பையக்காவால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு, "உன்னை அங்க கொண்டுபோய் நிறுத்தினது என் தம்பி இல்லம்மா, நான்" என்றாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி மேல இவ்வளவு பாசமாக்கா உனக்கு? எனக்கு அவரு மேல ஒண்ணும் வருத்தமில்ல. நீ மனச அலட்டிக்காத."

இவளே நம்பவில்லை என்றால் மேனேஜர் எப்படி நம்புவார்? தம்பிக்காக அக்கா பழியைத் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சொன்னால் போதாது, காட்ட வேண்டும். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நாற்காலி போட்டு ஏறி, கூடத்துக் கடிகாரத்தைக் கழற்றினாள்.

புதன்கிழமை கூட்டம் பத்து மணிக்கு. கூப்பிடாத கூட்டத்துக்கு, ஒரு கக்கத்தில் கடிகாரமும் இன்னொரு கக்கத்தில் இரண்டு பைகளுமாகப் பையக்கா வாசலில் போய் நின்றாள். மேசையைச் சுற்றி ஆறேழு பேர். ஓரத்தில் தம்பி, மடித்த பச்சை அங்கியை மடியில் வைத்துக்கொண்டு. அக்காவைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது.

"அக்கா, நீ போ. நான் பாத்துக்குறேன்."

மேனேஜர் நல்ல மனுஷர்தான். "தம்பிக்காக வந்திருக்கீங்க, புரியுதும்மா. ஆனா இது ஆபீஸ் விஷயம்" என்றார்.

"நானும் ஆபீஸ் விஷயத்துக்குத்தான் சார் வந்திருக்கேன். அந்த ஃபேனைக் கொஞ்சம் போட்டுக்கவா?"

மூலையில் காலோடு நின்ற மேசை உயர ஃபேன். யாரும் பதில் சொல்வதற்குள் அவள் அதை ஒன்றாம் நம்பரில் வைத்து, நாலடி தள்ளி நின்று, இரண்டு கையிலும் இரண்டு பையை உயர்த்திப் பிடித்தாள். நைலான் பை எழும்பி நீட்டியது. கனத்த பை அவள் முழங்கையோடு ஒட்டித் தொங்கியது. "மூணுல வைங்க" என்றாள். மேடம் எழுந்து வந்து வைத்தாள். இரண்டும் எழும்பின. மறுபடி ஒன்றில். கனத்தது விழுந்தது.

"இதே மாதிரிப் பைதான் ஒன்பதாம் கம்பத்துல இருக்கு. மத்தியானக் காத்துக்கு எழும்பும். காலைக் காத்துக்கு எழும்பாது. அது தொங்கிட்டு இருந்துச்சுன்னு என் தம்பி சொன்னது நிஜம். அவன் கண்ணுல கோளாறு இல்ல. என் தையல்ல கோளாறு."

ஸ்டோர்காரர் தொண்டையைச் செருமினார். "அதுக்குத்தான் சார் ரெடிமேட் வாங்கலாம்னு நான் அப்பவே..."

"பதினொரு மாசமா அந்தப் பையைச் சோதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கிறது நம்ம எல்லாரும்தான்" என்றாள் மேடம். தாளை இழுத்து, பேனாவைத் திறந்து, நாலாவது கட்டத்தில் எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்தாள். "அஞ்சாவது நீங்கதான் சொல்லணும்க்கா. ஏன் கனமான துணியில தைச்சீங்க?"

"கிழியக் கூடாதுன்னு."

"ஏன் கிழியக் கூடாது?" ஆறாவது கட்டம் அந்தத் தாளில் இல்லை. இருந்தும் கேட்டாள்.

பையக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "கிழிஞ்சா எல்லாரும் சிரிக்கிறாங்க மேடம். எழும்பலைன்னு யாருமே சிரிக்கல. இதைத்தான் குடுத்தாங்க." கடிகாரத்தை மேசை மேல் வைத்தாள். ‘சிறந்த யோசனை’ என்ற எழுத்து எல்லோரையும் பார்த்தது. ஃபேன் இன்னும் ஒன்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

கூட்டம் முடிந்ததும் வராந்தாக் குழாயில் தம்பி முகம் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான்.

"அப்ப அது தொங்கிட்டுத்தான் இருந்துச்சு."

"ஆமாண்டா. நீ பாத்தது சரி."

"ஏன்க்கா எங்கிட்ட முதல்ல சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா? நான்தான் சரியாப் பாக்கலன்னு அங்க போய் அடிச்சுச் சொல்லியிருப்ப."

அது உண்மை என்பதால் அவனுக்கு இன்னும் கோபம் வந்தது. இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, ஒன்றும் நடக்காதது போலச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

பச்சை அங்கி அவனிடமே இருந்தது. ஒன்பதாம் கம்பத்தில் பழையபடி மெல்லிய நைலான் பை ஏறியது. மாசச் சோதனை அட்டையில் ‘லேசான காற்றில் எழும்புகிறதா?’ என்று நாலாவதாக ஒரு கேள்வி ஏறியது. பையக்காவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். தையல் அறைக்கு ஒரு ஃபேனும் வந்தது. இனி எந்தப் பையும் கம்பம் ஏறுவதற்கு முன்னால் ஒன்றாம் நம்பர் காற்றில் எழும்பிக் காட்ட வேண்டும். ஸ்டோர்காரர் ஆசைப்பட்டு ஆறு ரெடிமேட் பை வாங்கினார். நாலு எழும்பவில்லை. அவர் வீட்டில் அவை இப்போது என்னவாக இருக்கின்றன என்று பையக்கா கேட்கவில்லை. அந்த அளவுக்கு அவளுக்கு நாகரிகம் உண்டு. கடிகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள அந்த ஆலையில் படிவம் இல்லை. அதனால் அது தையல் அறைச் சுவரிலேயே ஏறிவிட்டது.

ஆனால் தம்பி முழுதாகத் திரும்பவில்லை. ஒருநாள் வந்து, "ஒரு நூல்கண்டு குடுக்கா" என்றான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. சூட்டு உறைக்காரப் பெண்தான் பிறகு சொன்னாள்: "உன் தம்பி இப்பல்லாம் பையைப் பாத்துட்டு, பாக்கெட்லேர்ந்து நூலை எடுத்துப் பிச்சுப் பறக்கவிட்டுப் பாக்குறாரு." பாதுகாப்புக்கு அது நல்ல பழக்கம்தான் என்று ஆலையில் பேசிக்கொண்டார்கள். பையக்காவுக்கு மட்டும் அது நெஞ்சில் முள்ளாக நின்றது. தன் பையையும் அவன் நம்பவில்லை, தன் கண்ணையும் அவன் நம்பவில்லை. இரண்டும் அவள் செய்த வேலை.

மூன்று மாசம் கழிந்தது. ஒரு காலையில் தைத்த கையுறைகளைக் கொடுக்க அவள் கந்தகப் பிரிவுக்குப் போயிருந்தாள். கட்டைப் பிரித்து மேசையில் வைக்கும்போது சைரன் ஊதியது. ஒத்திகை என்று பின்னால்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. எல்லோரும் வெளியே வந்தார்கள். தம்பி அங்கியை மாட்டிக்கொண்டு கம்பத்தடிக்கு வந்து நிமிர்ந்தான். பையக்காவும் நிமிர்ந்தாள். காலைக் காற்று, கன்னத்தில் தொட்டதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குத்தான் இருந்தது. மெல்லிய பை வாயைத் திறந்து எழும்பி, வாலைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. வாலில் ஒரு சாண் கிழிந்திருந்தது.

தம்பியின் கை பாக்கெட்டுக்குள் போனது. நூல்கண்டைத் தொட்டிருப்பான். பையை இன்னொரு முறை பார்த்தான். கையை வெறுமையாக வெளியே எடுத்து உயர்த்தினான்.

"அஞ்சாம் நம்பருக்கு! ஓடாதீங்க, நடங்க!"

இருபத்து மூன்று பேரும் பையக்காவும் நடந்தார்கள். அவள் விரல்கள் தாமாகவே காலர் ஊசிக்குப் போயிருந்தன. ஊசியைத் தொடாமல் கையை இறக்கிக்கொண்டாள். பட்டறைக்குப் பின்னால் வரிசையாக நின்றதும், தம்பி ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தான். கடைசியில் அவள் தோள்.

"இருபத்தி நாலு" என்றான். கையை எடுக்காமல் குரலைத் தாழ்த்தினான். "கிழிஞ்சிருக்குக்கா. பாத்தியா?"

"பாத்தேன்."

"கழட்டித் தரச் சொல்லவா? தைக்கணும்ல?"

"எழும்புதுல்ல. இருக்கட்டும் விடு" என்றாள் பையக்கா.